கல்லூரி மாணவர் கிறிஸ்தவ ஐக்கியங்கள்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரம்

கல்லூரியில் படிக்கும் கிறிஸ்தவ மாணவர்கள் கூடி ஜெபிக்கவும், வேதம் வாசிக்கவும், தங்கள் விசுவாசத்தைச் சக மாணவர்களோடு பகிரவும் அமைத்துக்கொள்ளும் குழுக்களே மாணவர் ஐக்கியங்கள். சபையின் வாலிபர் சங்கம் வேறு, இது வேறு. வாலிபர் சங்கம் ஒரு சபைக்கு உரியது, போதகரின் மேற்பார்வையில் நடப்பது. ஐக்கியத்தில் சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, பிரதரன், இரட்சணிய சேனை என்று எல்லாச் சபைப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் உட்காருவார்கள். யார் செய்தி கொடுப்பது, எந்தக் கிழமை கூடுவது, முதலாம் ஆண்டு மாணவர்களை யார் போய்ப் பார்ப்பது என்பதையெல்லாம் மாணவர்களே தீர்மானிப்பார்கள். சபை எல்லை தாண்டிய ஒரு கிறிஸ்தவ உறவைத் தமிழ்நாட்டில் பலரும் முதன்முதலில் சுவைப்பது இங்கேதான்.

திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில் எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டியை அடைகிறது. மேற்கே அரக்கோணம் பாதையில் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் வருகின்றன. மாணவர் ஊழியத்தின் வரைபடமும் ஏறக்குறைய இந்த இரண்டு தண்டவாளங்கள்தாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும், எண்ணூர் துறைமுகமும், அனல்மின் நிலையங்களும் வடக்குப் பாதையை ஒட்டியவை. கல்லூரிகளில் பழையவை சில: பொன்னேரியில் 1965-ல் தொடங்கிய உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி, பட்டாபிராமில் 1969-ல் தொடங்கிய இந்துக் கல்லூரி. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழக அரசு 1980-களில் வழிவிட்ட பிறகு வந்தவையே மற்றவற்றில் பெரும்பாலானவை. கவரைப்பேட்டை ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி 1995-ல் தொடங்கியது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் உண்டு.

கிறிஸ்தவம் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. பழவேற்காட்டு மாதா கோயில் போர்த்துகீசியர் காலத்தது. திருவள்ளூரிலும் பக்கத்து ஈக்காட்டிலும் வெஸ்லியன் மிஷன் பள்ளி, மருத்துவமனைப் பணிகளை நடத்தியது. அங்கே உழைத்த வில்லியம் கௌடியின் பெயர் திருவள்ளூர் சி.எஸ்.ஐ. மேல்நிலைப் பள்ளியில் இன்றும் இருக்கிறது. ஆனால் தாம்பரத்து மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியைப் போலச் சிற்றாலயமும் விடுதிகளும் நூறாண்டு மரபும் கொண்ட கிறிஸ்தவக் கல்லூரி இந்தப் பக்கம் வளரவில்லை. இங்குள்ள ஐக்கியங்களின் சிரமங்களும் பலமும் அந்த இல்லாமையிலிருந்தே புறப்படுகின்றன.

வேர்கள்

மாணவர் கிறிஸ்தவ இயக்கம் சென்னைக்கு ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்தது. டேவிட் மெக்கானகி 1890-ல் மெட்ராஸ் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். 1895-ல் சுவீடனின் வாட்ஸ்டெனாவில் உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பு பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் மாட் உடனே இந்தியாவுக்கு வந்து, சென்னை உட்படப் பல நகரங்களில் மாணவர் மாநாடுகள் நடத்தினார். ஷெர்வுட் எடி 1896-ல் மாணவர் பணிக்கென்றே இங்கு வந்து சேர்ந்தார். இவர்கள் வெளிநாட்டார் என்பதால் இயக்கமே இறக்குமதி என்று எண்ணிவிடக் கூடாது. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த இரண்டு தமிழர்கள் அதைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. ச. அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலராகி ஊர் ஊராக அலைந்தார். 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றவும், 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தோன்றவும் முன்நின்றார். 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரானார். சேலத்துக்காரரான கே. டி. பால் 1916-ல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலரானார். மாணவப் பருவத்தில் பிடித்த தீ என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இவர்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம், அதாவது எஸ்.சி.எம்., 1912-ல் அமைந்தது. சபை ஒற்றுமை, தேச விடுதலை, சமூக நீதி ஆகியவற்றை அது மாணவர் மேசைக்குக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத் தமிழரான டி. டி. நைல்ஸ் உலகக் கூட்டமைப்பின் தலைமை வரை உயர்ந்தார்.

தனிமனித மனந்திரும்புதலுக்கும் வேதத்தின் அதிகாரத்துக்கும் எஸ்.சி.எம். போதிய இடம் தரவில்லை என்று கருதியவர்கள் தனி வழி கண்டார்கள். பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் கிறிஸ்தவ மாணவர் சங்கம் 1910-லேயே இந்தக் காரணத்தால் அந்நாட்டு எஸ்.சி.எம்.மிலிருந்து விலகியிருந்தது. அந்த மரபு 1947-ல் ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலகச் சுவிசேஷ மாணவர் கூட்டுறவானது. இந்தியாவில் அதன் வடிவம்தான் 1954-ல் அமைந்த யு.இ.எஸ்.ஐ., அதாவது இந்தியச் சுவிசேஷ மாணவர் ஐக்கியம். கல்லூரி மட்டத்தில் அதன் குழுவை மாணவர்கள் 'இ.யு.' என்பார்கள், பல கல்லூரிகள் சேர்ந்ததை 'ஐ.சி.இ.யு.' என்பார்கள். தொடக்கத்தில் அமெரிக்கரான நார்ட்டன் ஸ்டெரெட் அதற்கு அடித்தளம் போட்டார். அடுத்து கேரளத்தைச் சேர்ந்த பி. டி. சாண்டப்பிள்ளை 1956 முதல் 1971 வரை பொதுச்செயலராக இருந்தார். எளிமையாகப் பயணம் செய்து, கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்த அவர், மாணவர் ஊழியர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோலாகிவிட்டார். சென்னை மாநிலக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் எச். ஏனோக்கின் நூல் ஒன்றை யு.இ.எஸ்.ஐ. 1966-ல் சென்னையில் வெளியிட்டது. பரிணாமமா படைப்பா என்ற கேள்வி அதன் பொருள். அதன் அறிவியலை இன்று பலர் ஏற்கமாட்டார்கள். என்றாலும் வகுப்பறையில் எழுந்த கேள்வியை ஐக்கியத்துக்குள்ளும் எழுப்பலாம் என்ற துணிவு அதில் இருந்தது.

பூந்தமல்லி, 1970

கத்தோலிக்க மாணவர்களின் வழி தனியானது. 1924-ல் தென்னிந்தியாவில் முளைத்த அவர்களது இயக்கம் பின்னர் ஐக்கஃப் என்ற அனைத்திந்தியக் கூட்டமைப்பாகி, நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் தலைமையகம் கொண்டது. அதன் வரலாற்றின் திருப்பம் நம் மாவட்டத்துப் பூந்தமல்லியின் பெயரோடு சேர்ந்திருக்கிறது. 1970-ன் பூந்தமல்லிப் பிரகடனம், இந்தச் சமுதாயம் அநீதியானது, அதை மாற்றுவது மாணவரின் கடமை என்று அறிவித்து ஏழைகளின் பக்கம் நின்றது. அதுவரை கத்தோலிக்க மாணவர் பக்திக்கும் நற்பழக்கத்துக்குமாகக் கூடிய அமைப்பு, மாணவர்களைக் கிராமங்களிலும் சேரிகளிலும் தங்கவைத்து அந்த வாழ்க்கையைப் பார்க்கவைத்தது. சுவிசேஷ ஐக்கியங்கள் இதை வேறு முகாமின் கதை என்று ஒதுக்கிவிட்டன. தொழிற்பேட்டைக்கு நடுவே ஊழியம் செய்கிறவர்கள் அப்படி ஒதுக்கியிருக்கக் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

வேதபாடம் நடக்கும் விதம்

இ.யு. ஐக்கியத்தின் உயிர் பெரிய கூட்டமன்று, ஏழெட்டுப் பேர் உட்காரும் வாராந்தர வேதபாடம். பிரசங்கம் செய்ய யாரும் வருவதில்லை. உதாரணமாக, மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம். நடத்துகிற மாணவி முதலில் எல்லோரையும் இரண்டு முறை வாசிக்கச் சொல்வாள். அடுத்து, இதில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே நடக்கிறது, யார் என்ன பேசினார்கள் என்று வசனத்தில் உள்ளதை மட்டும் கேட்பாள். பிறகுதான் பொருள்: இயேசு யாருடைய விசுவாசத்தைப் பார்த்தார்? "படுத்திருந்தவனோடது" என்று ஒருவன் சொல்வான். "தூக்கிட்டு வந்தவங்களோடதும்தான், வசனத்தைப் பாரு" என்பாள் இன்னொருத்தி. கடைசியில், நம் வகுப்பில் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் யார் என்ற கேள்வி. மூன்று அரியர் வைத்துவிட்டு வகுப்புக்கே வராமலிருக்கும் நண்பனின் பெயர் அப்போது வெளியே வரும், அவனுக்காக ஜெபம் நடக்கும். பதில் சொல்லத் தயங்கும் முதலாண்டுப் பெண் இரண்டு பருவத்தில் தானே நடத்தக் கற்றுவிடுவாள். தமிழ் வழியில் படித்து வந்து ஆங்கில வகுப்பறையில் வாயடைத்துப்போன மாணவருக்கு, அச்சமின்றிப் பேசிப் பழகும் முதல் இடமாகவும் இது அமைகிறது.

இதோடு தினமும் தனியே செய்யும் தியான வேளை, பருவ விடுமுறை முகாம், தேர்வுக்கு முந்தைய விசேஷ ஜெபம், புது மாணவர் வரவேற்பு ஆகியவையும் உண்டு.

வட்டாரத்தின் கட்டாயங்கள்

நகரத்து விடுதிக் கல்லூரியில் ஐக்கியம் பொதுவாக மாலையில் கூடும். இங்கே பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள். வகுப்பு முடிந்ததும் கல்லூரிப் பேருந்து புறப்பட்டுவிடும், அதை விட்டால் வீடு திரும்ப வழி தேட வேண்டும். ஆகவே கூடுகை மதிய உணவு இடைவேளையின் கால்மணி நேரத்துக்குச் சுருங்கும், அல்லது ரயிலுக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சபையிலேயே கழிந்துவிடுவதால், கல்லூரி விடுமுறையான சனிக்கிழமைகள் மட்டுமே மிச்சம்.

வளாகத்துக்குள் இடம் கிடைப்பதும் எளிதன்று. அரசமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 28-ஆம் பிரிவு அரசு நிதியிலேயே முழுதும் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனையைத் தடுக்கிறது. மாணவர்கள் தாமாகக் கூடுவதும் நிறுவனம் போதிப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் அனுமதி தருவதும் மறுப்பதும் நடைமுறையில் நிர்வாகத்தின் கையில். 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2004-ல் கைவிடப்பட்டது. மூத்த ஊழியர்கள் இன்றும் வலியுறுத்தும் நெறிகள் எந்தச் சட்டத்துக்கும் பயந்து வந்தவை அல்ல: ஆசை காட்டாதே, வற்புறுத்தாதே, பிற மதத்தைப் பழிக்காதே, பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் செய்யச் சொல்லாதே. நட்பே இல்லாத இடத்தில் கைப்பிரதியைத் திணிப்பது சாட்சி ஆகாது. படிப்பைக் கோட்டைவிட்டு ஊழியம் செய்கிற மாணவனையும் நல்ல ஐக்கியம் கண்டிக்கும். அவனுடைய மதிப்பெண் பட்டியலும் அவனைப் பற்றிப் பேசும்.

கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021-ல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது. முகாமில் பிறந்து கல்லூரிக்கு வரும் மாணவருக்குப் படிப்புக்குப் பின் வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் குடியுரிமைக் கேள்வி குறுக்கே நிற்கிறது. "எல்லாம் நன்மைக்கே" என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிற ஐக்கியம் அவருக்கு உதவாது. மனு எழுதவும், கட்டணத்துக்கு வழி தேடவும் கூட நிற்கிறவர்கள் வேண்டும்.

பட்டதாரிகள்

கிறிஸ்தவக் கல்லூரி இல்லாத குறையை இங்கே ஈடுகட்டக்கூடியவர்கள் பட்டதாரிகள். ஐக்கியத்தில் வளர்ந்து வேலைக்குப் போனவர்கள் பட்டதாரி ஐக்கியமாகச் சேர்ந்து, முழுநேர ஊழியர்களைத் தங்கள் காணிக்கையால் தாங்குவது யு.இ.எஸ்.ஐ. மரபு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் மின்நிலையம் போன்ற வேலைத்தலங்கள் தென் மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களையும் இந்தப் பக்கம் இழுத்தன. வளாகத்தில் அறை கிடைக்காதபோது, ரயில் நிலையத்துக்கு நடை தூரத்தில் இருக்கும் ஒரு பட்டதாரி அண்ணனின் வீட்டுக் கூடம் போதும். அந்த வீட்டு அக்கா போடும் சாம்பார் சாதத்துக்கும் ஊழியத்தில் பங்கு உண்டு. கல்யாணமான தம்பதியர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், சம்பளத்தை எப்படிச் செலவிடுகிறார்கள், மேலதிகாரி பொய்க்கணக்கு எழுதச் சொன்னால் என்ன செய்கிறார்கள் என்பதை மாணவர்கள் அங்கே பார்த்துக் கற்கிறார்கள்.

ஐக்கியங்கள் எளிதில் தவறவிடுகிறவர்கள் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள். படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸாகவோ ஒப்பந்தத் தொழிலாளியாகவோ சிப்காட்டுக்குள் போகும் இவர்களுக்கு மூன்று ஷிப்ட். வார விடுமுறை ஆளுக்கொரு கிழமையில் விழும், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் காலையில் தூங்க வேண்டும். பொறியியல் மாணவருக்கு வகுத்த சனிக்கிழமைக் கூடுகை இவர்களுக்குப் பொருந்தாது. ஒரே பாடத்தைக் காலை ஷிப்ட் முடிந்து வருவோருக்கு மாலையில் ஒரு முறை, இரவு ஷிப்ட் போவோருக்கு மதியத்தில் ஒரு முறை என்று கம்பெனி விடுதிகளுக்குப் பக்கத்திலேயே நடத்துவதுதான் இங்கே செய்யக்கூடியது. அதற்கு ஆள் வேண்டும். அந்த ஷிப்டில் முன்பு நின்று பழகிய பட்டதாரியே அதற்குப் பொருத்தமானவர்.