கண்டி வாவியை ஒருமுறை சுற்றி நடந்தால்

வடக்கிலிருந்து கண்டிக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் தலதா மாளிகைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். வாவியைச் சுற்றி நடக்க ஒரு மணித்தியாலம் போதும். மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரம்.

இமயமலை ஏரிகளைப்போல இதற்குப் பனியாறு இல்லை. சுற்றியுள்ள மலைகளில் பெய்யும் மழைதான் தண்ணீர். வயல்வெளியை மறித்து 1807இல் இதை அமைத்தவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்க வம்சத்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. நம்மவர் என்று கொண்டாடுமுன் ஒன்று: வாவியை வெட்டியது குடிமக்களின் கட்டாய உழைப்பு. எதிர்த்தவர்களைக் கழுவேற்றினார் என்ற கதையும் உண்டு. 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். கரையோர முகில் மதில் இன்றும் முடிவடையாமல் நிற்கிறது.

மாளிகைக்கு முன்னுள்ள வீதி 1998 ஜனவரி 25 குண்டுத்தாக்குதலின் பின் வாகனங்களுக்கு மூடப்பட்டது. மாளிகைக்குள் போவதற்குச் சோதனை உண்டு. அந்த வரிசை நம்மில் பலருக்கு வேறு வரிசைகளை நினைவூட்டும். முடியாதென்றால் எதிர்க்கரையால் நடக்கலாம், அங்கே மரநிழலும் அதிகம்.

வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல வாய்க்காலால் மகாவலியில் சேர்ந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கிறது.