திரைக்குப் பின்னால் பிறந்த ஹார்ன்

வாட் பஞ்சத்தில் பிறந்தது ஹார்ன் ஒலிபெருக்கி. 1920-களின் வால்வு ஆம்ப்ளிஃபயர் தந்தது சில வாட்டுகள்தான். அதை வைத்துப் பெரிய அரங்கை நிரப்பியாக வேண்டும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1926-ல் கொண்டுவந்த 555 டிரைவர் அதற்கு வழி செய்தது. உள்ளே மெல்லிய அலுமினியத் தகடு அதிர்கிறது. அந்த அழுத்தம் குறுகிய தொண்டைக்குள் புகுந்து, சீராக விரியும் குழாய் வழியே வெளியேறுகிறது. நாதஸ்வரத்தின் சீவாளியில் எழும் சிறு அதிர்வு உலவில் இறங்கி அணசில் விரிந்து வீதியை நிறைக்கிறதே, கிட்டத்தட்ட அதே வித்தை.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ பேசத் தொடங்கியபின், தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிகள் ஏறின. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் தியேட்டர் சேவைப் பிரிவு கைமாறி ஆல்டெக் ஆனது. அது 1941-ல் லான்சிங் கம்பெனியை வாங்கியது. ஜேம்ஸ் லான்சிங்கும் ஜான் ஹில்லியர்டும் சேர்ந்து 1945-ல் உருவாக்கிய வரிசைக்கு ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ என்று பெயர். அதில் வீட்டுக்குள் நுழையக்கூடிய அளவில் பின்னர் வந்தது ஏ7: கீழே 15 அங்குல வூஃபர், மேலே உலோக ஹார்ன்.

வீடுகள் வேறு பக்கம் போயின. 1954-ல் எட்கர் வில்ச்சர் சிறிய மூடிய பெட்டியில் ஆழமான பாஸ் கொண்டுவந்தார். அதற்கு விலையாகப் போனது சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டில் எழும் சத்தம். டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிந்ததும் அந்த இழப்பை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 100 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் தரும் சத்தத்துக்கு 85 டெசிபல் பெட்டி 32 வாட் கேட்கும். பழைய தியேட்டர் ஹார்ன்களை 1970-களில் ஜப்பானிய ரசிகர்கள் தேடித் தேடி வாங்கி, வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார்கள். நம்மூர்க் கோயில் கம்பத்துக் குழாய் ஸ்பீக்கரும் இதே குடும்பம்தான். ஆனால் அது பேச்சு தூரம் போகச் செய்தது, பாட்டுக்கு ஆகாது.

பழையதை வாங்கும்போது பெட்டியின் பளபளப்பில் மயங்க வேண்டாம். மல்டிமீட்டரை வையுங்கள்: 16 ஓம் யூனிட் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போய்விட்டது. கோனை இரு கை விரல்களாலும் மெதுவாக அமுக்கும்போது உரசல் கேட்டால் விட்டுவிடுங்கள். தகடு மாற்றப்பட்டதா, இரண்டு பக்கமும் ஒரே வகையா என்று கட்டாயம் கேளுங்கள். ஒன்று அசலும் ஒன்று போலியுமாக இருக்கும் ஜோடியில் பாடகர் நடுவில் நிற்கவே மாட்டார்.

ட்யூனிங்கில்தான் உயிர் இருக்கிறது. துளையிட்ட சினிமாத் திரை ஹை சத்தத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். வீட்டில் அந்தத் திரை கிடையாது. ஹார்ன் டிரைவரோ வூஃபரைவிடச் சத்தம் அதிகம். எல்-பேட் வைத்து ஹார்னைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்; வயலின் வில்லின் கீறல் போய், தந்தியின் நாதம் மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஹார்னைப் பெட்டிமேல் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அதன் வயரைத் தலைகீழாக மாட்டி, ஹார்னும் வூஃபரும் சந்திக்கும் 800 ஹெர்ட்ஸ் அருகே சத்தம் நன்றாகக் குழிவிழும் இடத்தைப் பிடியுங்கள். அங்கேயே வைத்து வயரைப் பழையபடி மாட்டினால் இரண்டும் ஒரே குரலாகும். ஒலியை இரண்டுக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரின் பழைய கண்டன்ஸர்களை மாற்றத் தயங்காதீர்கள். பழமை என்பதற்காக அவற்றைப் பூஜிப்பது வீண்.

இவ்வளவு நுட்பமான ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் சிறு ‘ம்ம்’ இரைச்சலையும் காட்டிக்கொடுக்கும். நிட்டிங் மெஷின் ஓடும் திருப்பூர்த் தெருவில் அது அமுங்கிப்போகும். அணையை ஒட்டிய அமராவதி நகரில் இரவு பத்து மணிக்கு அமுங்காது. அதனால் இப்படி அமைதியான இடத்தில் கேட்பவருக்கு எர்த் சரியாக இருப்பது முக்கியம், வாட் முக்கியமில்லை. ஒரு 300பி வால்வு தரும் எட்டு வாட்டே தாராளம். தவில் உச்சத்தில் அடிக்கும்போதும் அது திணறாது. ஏ7 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. பாஸ் குமிழைத் திருகி அதை வற்புறுத்தாதீர்கள். பெட்டியைச் சுவர் மூலைக்குச் சற்று நெருக்கி, நீங்கள் மூன்று மீட்டராவது தள்ளி உட்காருங்கள்.