லினக்ஸ் கருனித் திட்டத்தில் பங்களிப்பாளர் உரையாடலை நெறிப்படுத்தல்: ஒரு வரலாற்று நோக்கு (2013–2024)

ஆய்வுச் சுருக்கம்

திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் பங்களிப்பாளர்கள் ஒருவர் படைப்பை மற்றவர் விமர்சிப்பதே ஆக்கப்பணியின் அடிப்படை. அவ்விமர்சனம் எப்போது தனிமனிதத் தாக்குதலாகிறது, அதைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களுக்கு லினக்ஸ் கருனித் திட்டம் கண்ட விடைகளை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. அறிவுரை, விதி, நடைமுறை என்னும் மூன்று படிநிலைகளில் அவ்விடைகள் வளர்ந்தன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: திறந்த மூல மென்பொருள், லினக்ஸ் கருனி, மதிப்பாய்வு, நடத்தை நெறி, பராமரிப்பாளர்

முன்னுரை

1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்பகுதியான கருனி (கெர்னல்) ஒன்றை எழுதத் தொடங்கினார். இன்று உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான பங்களிப்பாளர்கள் அதனை வளர்த்து வருகின்றனர். ஒருவர் தாம் எழுதிய திருத்தத்தை மின்னஞ்சல்வழி அனைவரும் காண அனுப்புவார். அத்துறையின் பராமரிப்பாளரும் பிறரும் அதனை வரிவரியாக மதிப்பாய்வு செய்வர். குறைகள் நீங்கிய பின்னரே திருத்தம் கருனியில் சேரும். ஆய்விதழ்களின் துறைவல்லுநர் மதிப்பாய்வை இது ஒத்தது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆய்விதழில் மதிப்பாய்வாளரின் கடுஞ்சொல் பெரும்பாலும் பதிப்பாசிரியரைக் கடந்தே கட்டுரையாளரை அடையும். இங்கு இடையில் எவரும் இல்லை. சொல்லப்பட்ட சொல் அக்கணமே பொதுவெளியில் நிலைபெற்றுவிடும்.

எழுதப்படாத மரபும் அதன் மீதான வினாவும்

தொடக்க ஆண்டுகளில் உரையாடலைக் கட்டுப்படுத்தும் எழுத்து வடிவ விதி எதுவும் கருனித் திட்டத்தில் இல்லை. பிழையான நிரலை உரத்துக் கண்டிப்பது தரத்தைக் காக்கும் வழி என்னும் கருத்து மரபாக வேரூன்றியிருந்தது. டோர்வால்ட்ஸின் கடுமையான மின்னஞ்சல்கள் அம்மரபின் அடையாளமாகவே அறியப்பட்டன.

2013 ஜூலையில் யுஎஸ்பி 3.0 பகுதியின் பராமரிப்பாளராக இருந்த சேஜ் ஷார்ப், இத்தகைய வசைமொழி நிறுத்தப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினார். செயற்கையான பணிவை மேற்கொள்வது தம் இயல்பன்று என்னும் பொருள்படப் பதிலளித்த டோர்வால்ட்ஸ், அக்கோரிக்கையை ஏற்கவில்லை. 2015 அக்டோபரில் ஷார்ப், தாம் கருனிப் பணியிலிருந்து விலகிவிட்டதை அறிவித்தார். திட்டத்தின் உரையாடல் முறையையே அதற்குக் காரணமாகக் குறிப்பிட்டார்.

அறிவுரை: 2015ஆம் ஆண்டு ஆவணம்

இதற்கிடையில் 2015 மார்ச்சில் ‘முரண்பாட்டு நெறி’ எனப் பொருள்படும் சிற்றாவணம் ஒன்று கருனியில் இணைக்கப்பட்டது. பங்களிப்பாளரின் நிரல் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகும் என்பதையே அது முதலில் அறிவித்தது. தாக்கப்பட்டதாகவோ அச்சுறுத்தப்பட்டதாகவோ ஒருவர் உணர்ந்தால் அது ஏற்கத்தக்கதன்று என்றும், அவர் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவை அணுகலாம் என்றும் பின்னர்க் கூறியது. எந்த நடத்தை தவறு, தவறுக்கு என்ன விளைவு என்பவற்றை அது வரையறுக்கவில்லை. எனவே இதனை விதி என்பதைவிட அறிவுரை என்பதே பொருந்தும்.

பிற திட்டங்கள் அப்போது முன்னே சென்றிருந்தன. டெபியன் திட்டம் 2014இல் உறுப்பினர் வாக்கெடுப்பின்வழித் தனக்கென ஒரு நடத்தை நெறியை ஏற்றது. அதே ஆண்டில் கோரலின் அடா எம்கி, எத்திட்டமும் எடுத்தாளத்தக்க ‘பங்களிப்பாளர் உடன்படிக்கை’ என்னும் பொது ஆவணத்தை உருவாக்கினார்.

விதி: 2018ஆம் ஆண்டு மாற்றம்

2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸ், 4.19ஆம் பதிப்பின் சோதனை வெளியீட்டை அறிவித்த மடலிலேயே தம் கடந்தகால மின்னஞ்சல் தாக்குதல்களுக்கு மன்னிப்புக் கோரினார். சிறிது காலம் பணியிலிருந்து ஒதுங்குவதாகவும் தெரிவித்தார். அப்பதிப்பை வெளியிடும் பொறுப்பை கிரெக் குரோவா-ஹார்ட்மன் ஏற்றார். முன்னைய ஆவணம் நீக்கப்பட்டு, பங்களிப்பாளர் உடன்படிக்கையைத் தழுவிய நடத்தை நெறி அதன் இடத்தைப் பெற்றது. தோற்றுவித்தவரும் விதிக்கு உட்பட்டவரே என்பது இதனால் நிறுவப்பட்டது.

எதிர்ப்பும் எழுந்தது. நிரலின் தரத்தை விட்டு நிரலாளரின் கருத்துகளை எடைபோட இந்நெறி வழிவகுக்கும் எனச் சிலர் அஞ்சினர். தாம் அளித்த நிரலின் உரிமத்தைத் திரும்பப் பெறலாம் என்னும் வாதம்கூட முன்வைக்கப்பட்டது.

கருனியின் ஆவணங்கள் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் காக்கப்படுவதால், அவற்றின் பாட வரலாற்றையும் அறிய முடிகிறது. கடன்பெற்ற மூலபாடம் பிறருடைய மின்முகவரியை வெளியிடுவதைத் தவறெனக் கொண்டிருந்தது. மின்னஞ்சல் முகவரியின்றித் திருத்தம் எதுவும் பதிவாகாத கருனித் திட்டத்துக்கு அது பொருந்தவில்லை. ஆகவே, திட்டம் வழக்கமாகத் திரட்டாத முகவரிகள் மட்டுமே அதில் அடங்கும் என்று பாடம் திருத்தப்பட்டது. அக்டோபரில் இணைக்கப்பட்ட விளக்கவுரை ஆவணம் முறையீடுகளை ஆராயும் குழுவின் பொறுப்புகளை வகுத்தது. அக்குழுவின் முடிவை ஆலோசனைக் குழு மூன்றில் இரு பங்கு வாக்குகளால் மாற்றலாம் என்றும் வரையறுத்தது. பிற திட்டத்திலிருந்து பெற்ற விதியும் அவ்விடத்தின் பணிமுறைக்கேற்பத் திருந்திய பின்னரே செயலுக்கு வருகிறது என்பதற்கு இவை சான்று.

நடைமுறை: 2024ஆம் ஆண்டு நிகழ்வு

2024 நவம்பரில் இந்நெறி ஒரு சோதனையைச் சந்தித்தது. கோப்பு முறைமை ஒன்றின் பராமரிப்பாளர் மற்றொரு பங்களிப்பாளரைத் தனிப்பட்ட முறையில் இழித்துரைத்தமைக்குப் பொது மன்னிப்புக் கோருமாறு கேட்கப்பட்டார். அது நிறைவேறாத நிலையில், 6.13ஆம் பதிப்பின் வளர்ச்சிக் காலத்தில் அவருடைய திருத்தங்கள் ஏற்கப்படமாட்டா என முடிவு செய்யப்பட்டது. முதலில் மன்னிப்பு, பின்னர்க் காலவரையறையுடைய விலக்கு என்னும் நடைமுறையும் அக்காலத்திலேயே ஆவணத்தில் விரித்தெழுதப்பட்டது.

இம்முடிவின் விலையையும் ஆய்வாளர் மறைத்தல் ஆகாது. பராமரிப்பாளர் ஒருவரை விலக்கினால் அவருடைய நிரலை நம்பியிருக்கும் பயனர்களுக்கான திருத்தங்களும் தாமதமாகின்றன. தவறு செய்யாதோரும் தண்டனையில் பங்கேற்க நேர்கிறது. விலக்கு காலவரையறையுடையதாக இருக்க வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

முடிவுரை

லினக்ஸ் கருனித் திட்டத்தின் வரலாறு, விமர்சனத்தை நீக்கிய வரலாறு அன்று. நிரலையும் நிரலாளரையும் பிரித்துக் காணக் கற்ற வரலாறு. தவறான திருத்தத்தை மறுக்கும் உரிமை பராமரிப்பாளரிடம் இன்றும் உள்ளது. அதனை அனுப்பியவரை இழிவுபடுத்தும் உரிமையே பறிக்கப்பட்டது.

இவ்வாய்வுக்கு ஓர் எல்லை உண்டு. கருனித் திட்டத்தின் ஆவணக்காப்பகம் எழுதப்பட்ட ஒவ்வொரு கடுஞ்சொல்லையும் காத்து வைத்திருக்கிறது. முதல் திருத்தத்துக்குக் கிடைத்த மறுமொழியைப் படித்துவிட்டு இரண்டாவதை அனுப்பாமலே சென்றவர்களைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. காரணத்தை எழுதிவிட்டுச் சென்ற ஷார்ப் போன்றோர் சிலரே. நெறிப்படுத்தலால் திட்டம் இழந்ததைக் கணக்கிடுவோர், நெறியின்மையால் அது இழந்தவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவ்வகையில் ஆவணங்களின் மௌனமும் இவ்வரலாற்றின் ஒரு சான்றேயாகும்.