தும்பாவின் காற்றுக் கோபுரம்

வானம் தெளிவாக இருந்தால், ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டின் புகைக்கோடு அம்பத்தூர், ஆவடி மொட்டைமாடிகளுக்கும் தெரியும். 2016 செப்டம்பர் 26 அன்று அங்கிருந்து கிளம்பியதுதான் ஸ்காட்சாட்-1. கடலின்மேல் வீசும் காற்றை ரேடாரால் அளக்கும் செயற்கைக்கோள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்து எங்கள் பகுதி மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது.

உண்மையில் அந்த ரேடார் காற்றைப் பார்ப்பதே இல்லை, நீரைத்தான் பார்க்கிறது. காற்று பட்டதும் கடற்பரப்பில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகள் எழும். காற்று வலுக்க வலுக்கப் பரப்பு சொரசொரப்பாகும். ரேடாருக்குத் திரும்பிவரும் எதிரொலியும் கூடும். ஒரே இடத்தை முன்னும் பின்னுமாக வெவ்வேறு கோணங்களில் பார்ப்பதால் திசையும் பிடிபடும். ஏரி சிலிர்ப்பதைக் கண்டு காற்று வருகிறது என்கிறோமே, அதே வித்தைதான்.

ஆனால் எதிரொலி, காற்றின் வேகம் ஆகிவிடாது. கடல் மிதவைகளில் பொருத்திய காற்றுமானிகளோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சரிபார்க்கிறார்கள். கீழே இருக்கும் கருவி பொய் சொன்னால் மேலே இருப்பதை நம்ப வழியில்லை.

இந்திய வானிலைக் கருவிகளை நம்பத்தக்கவையாக்க உழைத்தவர் அன்னா மணி. 1948இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தியவர். 1963இல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதால், தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை ஆய்வகத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்தார். ஏவுவதற்கு முன் காற்றை அறியாமல் ராக்கெட் விட முடியாது.

இவருக்குத்தான் நம் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளி பற்றிச் செய்த ஆய்வு, 1945இல் ஆய்வேடாகக் கைக்கு வந்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்றார்கள். செய்த வேலையைப் பார்க்காத விதி எனக்கு விதியாகப் படவில்லை. பட்டம் இல்லாமலேயே அவர் லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைக் கற்றுவந்தார்.

2014இல் மங்கள்யான் செவ்வாயை எட்டியபோது, புடவையும் பூவுமாகப் பெண்கள் சிரிக்கும் படம் உலகெங்கும் சுற்றியது. எனக்கும் பிடித்த படம். ஆனால் பெண்கள் அன்றைக்குத்தான் ராக்கெட் தளத்துக்குள் நுழைந்ததுபோலச் சிலர் பேசியதை ஏற்க முடியவில்லை. நம் கடற்காற்றுச் செயற்கைக்கோள்களின் கதையையும் 2009இன் ஓஷன்சாட்-2, 2016இன் ஸ்காட்சாட்-1, 2022இன் ஓஷன்சாட்-3 என்றுதான் வரிசைப்படுத்துகிறார்கள். என்னிடம் கேட்டால் அதை 1963இன் தும்பாவிலிருந்து, அந்தக் கோபுரத்திலிருந்து தொடங்குவேன்.