பொதிமாடும் பட்டமும்: முதல் ஆங்கிலேய - பர்மியப் போரில் சென்னை மாகாணமும் இலண்டனும் (1824–1826)

முன்னுரை

வங்காளத்தின் கிழக்கெல்லையில் மூண்ட பூசலை ஒட்டி, 1824 மார்ச் 5ஆம் நாள் கிழக்கிந்தியக் கும்பினி பர்மா மீது போர் அறிவித்தது. எல்லை வங்காளத்தினது, போரின் சுமையிற் பெரும்பங்கோ சென்னை மாகாணத்தினது. அச்சுமையை இலண்டன் எவ்வாறு மதிப்பிட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரங்கூனும் சென்னையும்

1824 மே மாதம் இரங்கூனில் இறங்கிய, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படையினருள் மிகுதியானோர் சென்னைப் படையைச் சேர்ந்தோர். நகர மக்கள் முன்னரே வெளியேறியிருந்தனர். தானியமில்லை, மாடுகளில்லை, ஆற்றில் மேற்செல்லப் படகுகளில்லை. மழையும் நோயும் படையை வாட்டின. உணவும் மாடும் துணைப்படையும் கடல்வழியே வந்தாகவேண்டியிருந்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ ஓய்வு கோரியிருந்தும், போரின் பொருட்டுப் பதவியில் நீடித்து இவற்றைத் திரட்டி அனுப்பினார்.

பாரக்பூரும் பொதிமாடுகளும்

வங்காளத்தில் நிகழ்ந்தது வேறு. 47ஆம் வங்காளச் சிப்பாய்ப் படை சிட்டகாங் வழியாக எல்லைக்குச் செல்லப் பணிக்கப்பட்டது. சமையற்பாத்திரங்களைச் சுமக்கும் மாடுகளைச் சிப்பாய்கள் தம் செலவிலேயே அமர்த்திக்கொள்வது வழக்கம். போர்த்தேவைக்கென அரசே மாடுகளை வாங்கிவிட்டமையால் அவை கிடைத்தற்கரியனவாயின. முறையீடு செவிசாய்க்கப்படவில்லை, சிப்பாய்கள் புறப்பட மறுத்தனர். நவம்பர் 2ஆம் நாள் படைத்தலைவர் எட்வர்டு பேஜட் அவர்கள்மீது பீரங்கியால் சுடச் செய்தார். பலர் மாண்டனர், வேறு சிலர் தூக்கிலிடப்பட்டனர், அப்படையின் பெயரே படைப்பட்டியலினின்று நீக்கப்பட்டது. கலகமெனப் பதிவான இந்நிகழ்வின் வேர், அடிப்படையில் ஒரு போக்குவரத்துச் சிக்கலே.

இலண்டனின் தீர்ப்பு

பாரக்பூர்ச் செய்தியும் பெருகிய போர்ச்செலவும் லீடன்ஹால் வீதியிலிருந்த கும்பினி இயக்குநர்களைக் கலக்கின. தலைமை ஆளுநர் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவைத் திரும்ப அழைத்து, மன்றோவை அப்பதவியில் அமர்த்தும் எண்ணமும் எழுந்தது. வெலிங்டன் பிரபு ஆம்ஹர்ஸ்டுக்காக வாதாடினார். ஆம்ஹர்ஸ்ட் பதவியில் நீடித்தார். 1826 பிப்ரவரி 24இல் யாந்தபோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டே அவர் அரக்கானின் பெயரும் சேர்ந்த ஏர்ல் பட்டம் பெற்றார். பாரக்பூர்ச் சிப்பாய்கள் செல்ல மறுத்த போர்முனையின் பெயர் அது. மன்றோவோ 1825இலேயே பாரனெட் ஆக்கப்பட்டார். அவர் மறைவுக்குப் பின், இலண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி வடித்த குதிரைவீரர் சிலை 1839இல் சென்னையில் நிறுவப்பட்டது.

முடிவுரை

இப்போரில் கும்பினித் தரப்பில் மாண்டோர் ஏறத்தாழ 15,000 பேர். அவருட் பெரும்பாலோர் நோயால் இறந்தவர்கள். வழங்கல் தவறிய இடத்தில் சிப்பாய் கலகக்காரராகப் பதிவானார். வழங்கல் தொடர்ந்த இடத்தில் பதிவானது ஆளுநரின் திறமை. கடல் கடந்து சென்ற சென்னைச் சிப்பாய்க்கோ இவ்விரு நினைவுகளிலும் இடமில்லை. இலண்டன் பிரித்தானிய நூலகத்திலும் சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்திலும் உள்ள சென்னை இராணுவப் பதிவேடுகளை ஒருங்கே வைத்துப் படிப்பதே அவ்விடத்தை மீட்கும் வழியாகும்.