ரீஜென்சி காலப் புதினங்களில் காதலும் திருமணமும்

ரீஜென்சி காதல் புதினம் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்க கால இங்கிலாந்தைக் களமாகக் கொண்டு, ஒரு காதலையும் அது திருமணத்தில் முடிவதையும் சொல்லும் கதை வகை. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநோயால் ஆட்சி நடத்த இயலாமல் போனபோது, அவருடைய மூத்த மகன் 1811 பிப்ரவரியில் ‘ரீஜென்ட்’ எனப்படும் ஆட்சிப் பொறுப்பாளர் ஆனார். 1820 ஜனவரியில் மன்னர் இறக்கும் வரையிலான ஒன்பது ஆண்டுகளே கண்டிப்பான பொருளில் ரீஜென்சி காலம். கதாசிரியர்கள் இந்த எல்லையைச் சற்றுத் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வகைக்கு மூலம் அந்தக் காலத்திலேயே எழுதிய ஜேன் ஆஸ்டினின் (1775–1817) புதினங்கள். அவற்றைப் பின்பற்றி, கடந்துபோன ஒரு காலத்தைத் திரும்ப எழுப்பும் வரலாற்றுப் புதினங்களாக இவ்வகையை நிலைநிறுத்தியவர் 20ஆம் நூற்றாண்டின் ஜார்ஜெட் ஹேயர். நடனக் கூடங்களும் குதிரை வண்டிகளும் இக்கதைகளின் வெளித்தோற்றம். கதையை உள்ளிருந்து நகர்த்துவது அன்றைய திருமணச் சட்டமும் சொத்துரிமையும் ஆகும். யாரை மணப்பது என்ற ஒரே முடிவுதான் அக்காலத்து நடுத்தர, மேல்தட்டுப் பெண்ணின் கையில் ஓரளவேனும் இருந்தது. அந்த முடிவைத் திரும்பப் பெற வழியில்லை. இதை மறந்துவிட்டுப் படித்தால் இக்கதைகளின் பதற்றம் விளங்காது.

திருமணச் சட்டமும் ஸ்காட்லாந்து ஓட்டமும்

1753இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி திருமணம் தேவாலயத்தில் நடக்க வேண்டும். அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மணமக்களின் பெயர்களைச் சபையில் அறிவிக்க வேண்டும். தமிழகத் திருச்சபைகளில் ‘ஓலை வாசித்தல்’ என வழங்கும் அதே முறைதான். ஊரறிய வாசிக்க விரும்பாதவர்கள் பணம் கட்டி உரிமம் பெறலாம். ஆனால் 21 வயது நிறையாதவர் உரிமத்தின் பேரில் மணக்கத் தந்தையின் சம்மதம் வேண்டும். சம்மதமின்றி நடந்தால் அந்தத் திருமணம் செல்லாது. குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. கத்தோலிக்கர்கூட ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணக்க வேண்டியிருந்தது.

செல்வக் குடும்பத்துப் பெண்களை ஏமாற்றி இரகசியமாக மணப்பவர்களைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால் அது ஸ்காட்லாந்துக்குப் பொருந்தவில்லை. அங்கே இருவர் சாட்சிகள் முன்னிலையில் தாங்கள் கணவன் மனைவி என்று அறிவித்தாலே போதும். எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் இதனால் பெயர் பெற்றது. லண்டனிலிருந்து சுமார் 320 மைல். இரவும் பகலும் குதிரைகளை மாற்றி மாற்றி வண்டியை ஓட்ட வேண்டும். பின்னால் பெண்ணின் தந்தை துரத்தி வருவார். கதாசிரியர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

இது கதைகளில் மட்டும் நடந்ததன்று. கவிஞர் ஷெல்லி 1811இல் 16 வயது ஹாரியட் வெஸ்ட்புரூக்கை அழைத்துக்கொண்டு எடின்பரோவுக்கு ஓடி மணந்தார். மூன்றே ஆண்டுகளில் அவரைக் கைவிட்டு வேறொரு பெண்ணுடன் சென்றார். 1816இல் ஹாரியட் லண்டனில் நீரில் மூழ்கி இறந்தார். மாறாக, நியூகாசில் நகரில் பெஸ்ஸி சர்ட்டீஸ் என்ற வங்கியாளர் மகள் 1772இல் மாடிச் சன்னல் வழியே இறங்கி, நிலக்கரி வணிகர் மகனான ஜான் ஸ்காட்டுடன் ஸ்காட்லாந்துக்குப் போனார். அந்த மணவாழ்க்கை நிலைத்தது. அந்த இளைஞரே பின்னாளில் எல்டன் பிரபு என்ற பெயரில், ரீஜென்சி காலம் முழுவதும் நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியான லார்டு சான்சலராக இருந்தார்.

ஆஸ்டினின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) இந்த ஓட்டத்தை இருமுறை பயன்படுத்துகிறது. முதலில், விக்காம் என்ற இளைஞன் 15 வயது ஜார்ஜியானா டார்சியை அழைத்துச் செல்லத் திட்டமிடுகிறான். அவள் பெயரில் இருப்பது 30,000 பவுண்டு. அது முறியடிக்கப்படுகிறது. பிறகு அவனே லிடியா பென்னட்டுடன் ஓடுகிறான். கிரெட்னா கிரீனுக்குப் போகிறோம் என்று லிடியா கடிதம் எழுதி வைக்கிறாள். ஆனால் இருவரும் லண்டனிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பதுதான் பெற்றோருக்கு இடி. காரணம் எளிது. லிடியாவிடம் பணம் இல்லை. எல்லை வரை ஓடி அவளை மணக்க விக்காமுக்கு அவசியமும் இல்லை. கடைசியில் டார்சி அவனுடைய ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட கடனை அடைத்து, படையில் பதவியும் வாங்கிக் கொடுத்த பிறகே திருமணம் நடக்கிறது. நூலைக் காதல் கதையாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பேரத்தின் விவரங்களை மறுபடி படித்துப் பார்க்கலாம். ஆஸ்டின் எதையும் மறைக்கவில்லை.

மனைவியின் சொத்து

ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் திருமணத்துக்குப் பின் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரு ஆள் கணவன். மனைவியின் ரொக்கம், நகை, ஊதியம் அனைத்தும் அவனுக்குச் சொந்தமாகும். அவளுடைய நிலத்தை அவள் சம்மதமின்றி விற்க முடியாது என்றாலும், அதன் வருமானம் அவனுடையதே. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ வழக்குத் தொடுக்கவோ முடியாது. குழந்தைகள் மீதான உரிமையும் தந்தைக்கே இருந்தது. 1839இல்தான் தாய்க்குச் சிறிதளவு உரிமை கிடைத்தது.

வசதியுள்ள குடும்பங்கள் இதற்கு ஒரு தற்காப்பு வைத்திருந்தன. திருமணத்துக்கு முன் வழக்கறிஞர்களைக் கொண்டு மண ஒப்பந்தம் எழுதி, பெண்ணின் பணத்தை அறங்காவலர் பொறுப்பில் வைப்பார்கள். அவளுடைய கைச்செலவுக்கு ஆண்டுக்கு இவ்வளவு, விதவையானால் இவ்வளவு, குழந்தைகளுக்கு இவ்வளவு என்று அதில் குறித்துவிடுவார்கள். ஓடிப்போகும் பெண்ணுக்கு இந்த ஒப்பந்தம் எழுத நேரம் கிடைக்காது. எல்லை தாண்டிய திருமணங்களைப் பெற்றோர் அஞ்சியதற்கு மானத்துடன் இதுவும் ஒரு காரணம்.

இக்கதைகளில் ஓர் ஆணை அறிமுகப்படுத்தும்போதே அவனுடைய ஆண்டு வருமானமும் சொல்லப்படுவதைப் பார்க்கலாம். டார்சிக்கு 10,000 பவுண்டு. பென்னட் குடும்பத்துக்கு 2,000. பென்னட்டின் நிலமோ ஆண் வாரிசுக்கு மட்டுமே சேரும்படி கட்டப்பட்டது. அவர் இறந்தால் அது தூரத்து உறவினரான காலின்சுக்குப் போய்விடும். ஆண் பிள்ளை பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் இருவருமாகக் கையெழுத்திட்டு அந்தக் கட்டை நீக்கலாம் என்று நம்பியிருந்த பென்னட் எதையும் சேமிக்கவில்லை. பிறந்ததோ ஐந்து பெண்கள். திருமதி பென்னட்டின் ஓயாத மாப்பிள்ளைத் தேட்டத்தைக் கண்டு வாசகர் சிரிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வீட்டில் நடப்பைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். காலின்சை விருப்பமின்றி மணக்கும் 27 வயது ஷார்லட் லூகாசையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

ஆஸ்டின் குடும்பத்தில்

ஆஸ்டினுக்கு இது ஏட்டறிவு அன்று. அவருடைய தந்தையின் தமக்கை ஃபிலடெல்ஃபியா பெற்றோரை இழந்தவர். லண்டனில் தொப்பி, உடை அலங்காரம் செய்பவரிடம் தொழில் பழக விடப்பட்டவர். சீர் கொடுக்கப் பணமில்லாத பெண்கள் கணவன் தேடி இந்தியாவுக்குக் கப்பலேறுவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. ஃபிலடெல்ஃபியாவும் 1752இல் சென்னைக்கு வந்தார். சில மாதங்களிலேயே, 1753 பிப்ரவரியில், கடலூர் புனித டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். ஆஸ்டின் இளவயதில் எழுதி முடிக்காமல் விட்ட ‘கேத்தரின்’ என்ற கதையில் இப்படி வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு, மகிழ்ச்சியற்ற மணவாழ்வில் சிக்கும் ஒரு பெண் வருகிறாள். அத்தையின் வாழ்க்கையே அதற்குத் தூண்டுதல் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

1802 டிசம்பர் 2ஆம் தேதி மாலை, ஹாரிஸ் பிக்-விதர் என்ற 21 வயது இளைஞர் ஆஸ்டினை மணக்கக் கேட்டார். அவர் மேனிடவுன் பெருநிலத்துக்கு வாரிசு. ஆஸ்டினுக்கு 27 வயது நிறையச் சில நாள்களே இருந்தன. சம்மதம் தெரிவித்தார். மறுநாள் காலையில் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்று அந்த வீட்டிலிருந்து வெளியேறினார். மூன்றாண்டுகளுக்குள் தந்தை இறந்ததும், தாயும் இரு மகள்களும் சகோதரர்களின் உதவியை நம்பி வாழ நேர்ந்தது. டார்சியின் பத்தாயிரத்தைப் படைத்தவர், அந்த நூலின் பதிப்புரிமையை 110 பவுண்டுக்கு விற்றார்.

மணமுறிவு

மறுமணம் செய்துகொள்ளும் உரிமையுடன் முழு மணமுறிவு பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். அதற்கு முன் கணவன் மனைவியின் காதலன் மீது இழப்பீட்டு வழக்கும், திருச்சபை நீதிமன்றத்தில் மற்றொரு வழக்கும் நடத்துவது வழக்கம். 1857இல் சட்டம் மாறும் வரை இவ்வழியில் வெற்றி பெற்ற பெண்கள் நால்வர் மட்டுமே. ‘மேன்ஸ்ஃபீல்டு பார்க்’ (1814) புதினத்தில் மரியா என்ற பெண் ஆண்டுக்கு 12,000 பவுண்டு வருமானமுள்ள ஒரு மூடனை மணந்து, பிறகு வேறொருவனுடன் ஓடுகிறாள். கணவன் எளிதில் மணமுறிவு பெறுகிறான். அவள் ஊர் கண்ணில் படாத தொலைவிடத்துக்கு அனுப்பப்படுகிறாள். கூட்டிப்போனவனுக்கு அப்படி எந்தத் தண்டனையும் இல்லை.

காலத்துக்குப் பெயர் தந்த ரீஜென்டின் கதை இன்னும் விநோதம். அவர் 1785இல் மரியா ஃபிட்சர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை இரகசியமாக மணந்தார். மன்னரின் சம்மதம் இல்லாததால் 1772ஆம் ஆண்டின் அரச குடும்பத் திருமணச் சட்டப்படி அது செல்லவில்லை. 1795இல் கடன் சுமையிலிருந்து மீளும் வழியாக இளவரசி கரோலினை மணந்தார். ஒரு மகள் பிறந்ததும் இருவரும் பிரிந்தனர். அரசரான பின் 1820இல் மனைவியை விலக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவரச் செய்தும் பலிக்கவில்லை.

ஆஸ்டின் இந்த ரீஜென்டை வெறுத்தார். ஆயினும் ரீஜென்டின் நூலகர் ஜேம்ஸ் ஸ்டேனியர் கிளார்க் மூலம் குறிப்பு வந்ததால், 1815 டிசம்பரில் வெளிவந்த ‘எம்மா’வை அவருக்கே காணிக்கையாக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, ரீஜென்டின் மகள் கோபர்க் குடும்ப இளவரசரை மணக்கவிருந்த சமயத்தில், அக்குடும்ப வரலாற்றை வைத்து ஒரு வரலாற்றுக் காதல் கதை எழுதலாமே என்று கிளார்க் யோசனை சொன்னார். தம்மால் அது இயலாது என்று ஆஸ்டின் நயமாக மறுத்துவிட்டார்.

ஹேயரும் பின்வந்தோரும்

அவர் மறுத்த வகையை ஹேயர் (1902–1974) எடுத்துக்கொண்டார். 1935இல் வந்த ‘ரீஜென்சி பக்’ அக்காலத்தைக் களமாகக் கொண்ட அவருடைய முதல் புதினம். உடை, வண்டி, பேச்சுவழக்கு எல்லாவற்றுக்கும் குறிப்பேடுகள் வைத்திருந்தார். அவரைப் பின்பற்றியோர் பிரபுக்களைப் பெருக்கிவிட்டனர். அரச குடும்பத்தைச் சேராத டியூக்குகள் அன்று 30 பேருக்கும் குறைவு; இன்றைய புதினங்களில் மணமகனாக வரும் டியூக்குகளுக்குக் கணக்கில்லை. கேன்டர்பரி பேராயர் மட்டுமே வழங்கக்கூடிய, எந்த இடத்திலும் எந்நேரத்திலும் மணக்க அனுமதிக்கும் தனி உரிமமும் இக்கதைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஜூலியா குவின் 2000இல் தொடங்கிய பிரிட்ஜர்டன் வரிசையும், அதன் அடிப்படையில் 2020 டிசம்பர் முதல் நெட்ஃபிளிக்சில் வந்த தொடரும் இவ்வகையைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றன. அவற்றில் தடையாக நிற்பது பெரும்பாலும் மனக்காயமோ வதந்தியோதான். மண ஒப்பந்தம் பின்னணிக்குப் போய்விட்டது.

ஹேயரின் ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ (1961) அந்த வகையில் தனித்து நிற்கிறது. தந்தை வைத்த கடனால் நிலம் பறிபோகும் நிலையில் இருக்கும் ஆடம் டெவரில், தான் காதலித்த அழகி ஜூலியாவை விட்டுவிட்டு, பெரும் வணிகர் சாலியின் மகள் ஜென்னியை மணக்கிறான். ஜென்னி அழகியல்லள். அவன் மனத்தில் யார் இருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும். மாமனாரின் பணம் ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழைகிறது, மருமகன் குமைகிறான். வாட்டர்லூ போர்ச் செய்தி வருவதற்கு முன் துணிந்து அரசுப் பத்திரங்களை வாங்கி, சொந்தமாக ஒரு தொகை ஈட்டிய பிறகே அவனுக்கு மாமனாரிடம் மனக்கசப்பின்றிப் பேச முடிகிறது. ஜென்னி கடைசிவரை வீட்டுக் கணக்கையும் கணவனுக்குப் பிடித்த உணவையும் குழந்தையையும் கவனித்துக்கொண்டிருக்கிறாள். இது காதல் கதையே இல்லை என்று சலித்துக்கொண்ட வாசகர்களும் உண்டு. ஹேயரின் மிகச் சிறந்த நூல் இதுவே என்போரும் உண்டு.