காங்கேசன்துறையில் போனது இயந்திரம் மட்டுமா?

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைத் திரும்பத் திறக்கப்போகிறார்கள் என்ற கதை அடிக்கடி வருகிறது. வந்தவுடன் சுண்ணாம்புக்கல்லைப் பற்றியும் முதலீட்டைப் பற்றியும் பேசுகிறோம். நிலத்தடி நீர் என்னாகும் என்றும் கேட்கிறோம், அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆலையை ஓட்டத் தெரிந்தவர்கள் இப்போது எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. கல் வலிகாமத்து மண்ணுக்கடியிலேயே கிடந்தது. களிமண் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. இங்கே சுட்ட கிளிங்கர் காலியில் இருந்த ருகுணு ஆலைக்குப் போய் அங்கே சீமெந்தாக அரைபட்டது. தெற்குக் கரையில் கட்டிய வீடுகளிலும் எங்கள் கல் இருக்கிறது.

சீமெந்துச் சூளை என்பது மெல்லச் சுழலும் நீண்ட இரும்பு உருளை. கலவை அதற்குள் ஏறக்குறைய 1450 பாகை செல்சியஸில் வெந்து கிளிங்கராகும். சூடு குறைந்தால் சுண்ணாம்பு சேராமல் மிஞ்சும். அந்தச் சீமெந்தில் கட்டிய சுவர் பிறகு வீங்கி வெடிப்பு விடும். கூடினால் உள்ளே பதித்த நெருப்புச் செங்கல் கெடும். அந்தக் காலத்தில் சூளைக்காரர் நிறக்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, சுவாலையின் நிறத்தையும் கிளிங்கர் எவ்வளவு உயரம் ஏறி விழுகிறது என்பதையும் வைத்தே முடிவெடுப்பார். மின்சாரம் நின்றுபோனால் சூடான உருளையை அப்படியே விடக்கூடாது. இடைக்கிடை திருப்பித் திருப்பி ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் பாரத்திலேயே வளைந்துவிடும். இதெல்லாம் கையேட்டில் இருக்கும். ஆனால் எந்த நிறம் "சரி" என்பதைப் பழையவர் பக்கத்தில் பல மாதம் நின்றுதான் படிக்க வேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆலை நின்றது, வலிகாமம் வடக்கு சனம் இடம்பெயர்ந்தது, அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. நாற்பது வருடத்து அனுபவம் முகாம்களுக்கும் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சிதறியது. யாரும் யாருக்கும் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை.

அதே வருடம் ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணித்தியாலங்களில் வெளியேற்றினார்கள். எங்கள் ஆட்களில் பலர் இரும்புக்கடைக்காரர்கள், தையற்காரர்கள். எந்தத் தண்ணீர்ப் பம்புக்கு எந்த அளவு உதிரிப்பாகம் என்று புத்தகம் பாராமல் எடுத்துக் கொடுத்தவர்கள். கடைகள் இங்கே நின்றன, அந்த அறிவு புத்தளம் போனது.

நானும் புத்தளத்தில் வளர்ந்தவன். சீமெந்துத் தொழிற்சாலை என்றால் எனக்கு முதலில் பாலாவிதான் ஞாபகம் வரும். அதுவும் ஒரு காலத்தில் காங்கேசன்துறையைப் போல அரசுக் கூட்டுத்தாபனத்தின் ஆலைதான். பிறகு உரிமையாளர் பலமுறை மாறினார்கள். ஆனாலும் ஒரு ஷிஃப்ட் போக அடுத்த ஷிஃப்ட் வந்துகொண்டிருந்தது. என் கணிப்பில் இரண்டு ஆலைகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான்.

ஜப்பானில் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். போருக்குப் பின் 1947 முதல் 1949 வரை பிறந்த பெரும் தலைமுறை 2007இலிருந்து அறுபது வயதை எட்டப்போகிறது என்று தெரிந்ததும், "2007 பிரச்சினை" என்று பெயரே வைத்தார்கள். பல கம்பனிகள் ஓய்வுபெற்றவர்களைத் திரும்ப வேலைக்கு அழைத்து இளையவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தின. செலவுதான். ஆனால் கெட்டுப்போன ஒரு சூளையின் செலவோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

எங்களுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 1990இல் முப்பது வயதில் சூளையடியில் நின்றவருக்கே இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அவருக்குப் பழக்கிய ஆட்களில் எத்தனை பேர் மிச்சமோ தெரியாது.

காங்கேசன்துறையில், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். சம்பளம், யூனியன் கதைகள் வேண்டாம், அவை எப்படியும் வரும். காலையில் போனதும் முதலில் எதைப் பார்ப்பீர்கள், என்ன சத்தம் கேட்டால் பயப்படுவீர்கள் என்று கேளுங்கள். ஃபோனில் பதிவுசெய்து எனக்கு அனுப்பினால், எங்கள் உயர்தரத் தொழினுட்பப் பிள்ளைகளைக் கொண்டு எழுத்தாக்கித் தருகிறேன்.